எந்தக் கலாச்சாரம்? யாருடைய கலாச்சாரம்?

போன மாதம் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தேன். மாணவர்கள் கைப்பேசியில் அந்தரங்கப் பேச்சும் படமும் அனுப்பிக்கொள்வது பற்றிய ஆய்வு. செக்ஸ்டிங் என்கிறார்கள். மேலைநாட்டு மாணவர் கூச்சமில்லாமல் அனுப்புகிறாராம், நம்ம மாணவர் தயங்குகிறாராம். காரணம் ‘கலாச்சார வேறுபாடு’ என்று பேராசிரியர் முடித்தார். கைதட்டினார்கள். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். வயது, பால், மதம், நாடு, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. சாதிக்கு இல்லை. கேட்டேன். “இதுல சாதி எங்கம்மா வருது?” என்றார்.

அங்கே சொன்னதை இங்கேயும் சொல்றேன்.

2016இல் எம்.ஏ. படிக்கும்போது விடுதியில் எனக்கொரு அறைத்தோழி. என்னைப் போலவே காலனிப் பொண்ணு. கூடப் படிச்ச ஊர்த்தெருப் பையனை நம்பி ஒரு படம் அனுப்பினாள். கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவன் விலகிக்கொண்டான். படம் வகுப்பு வாட்சப் குழுவுக்கு வந்தது, கீழே அவள் சாதிப்பேரோடு. படத்தைவிட அந்தப் பேரைத்தான் ரசித்துச் சிரித்தார்கள். வார்டனம்மா கூப்பிட்டு விசாரித்தது இவளை. “ஒங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் சகஜம்தானே” என்றார். அவன் பரிட்சை எழுதினான். இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அதுக்கு முந்தின ராத்திரி, “போன்ல இருக்கறதெல்லாம் அழிச்சிடுடி” என்று சொன்னவள் நான்தான். அவன் கெஞ்சியது, மிரட்டியது, எல்லாச் சாட்சியமும் என் பேச்சைக் கேட்டு அழிஞ்சுபோச்சு.

சட்டம் அப்பவே இருந்தது. 2013இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 354சி, படமெடுக்கச் சம்மதித்த பெண் அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்காவிட்டால் பரப்புவது குற்றம் என்றது. 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ, பாலியல் காட்சியை அனுப்புவதற்கே அய்ந்து ஆண்டுவரை சிறை என்கிறது. “மொதல்ல அனுப்புனது நீதானே?” என்று ஸ்டேஷனில் கேட்டால் காலனிப் பொண்ணு என்ன செய்வாள்?

உடம்பை மறைப்பதுதான் நம்ம கலாச்சாரம் என்கிறீர்களே, திருவிதாங்கூரில் மாரை மறைத்த சாணார் பெண்களின் தோள்சீலையைக் கிழித்தது எந்தக் கலாச்சாரம்? 1859இல் அனுமதித்த அரசாணையிலேகூட, மேல்சாதிப் பெண்கள் போல உடுத்தக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். மூடினாலும் குற்றம், காட்டினாலும் குற்றம்!

எங்க பசங்க கதை வேற. 2015 ஜூன் 23. கோகுல்ராஜ், பொறியியல் படிச்ச தலித் பையன். கூடப் படிச்ச ஆதிக்கசாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தான். பேசினது மட்டும்தான். மறுநாள் தண்டவாளத்தில் பிணம். கோயில் கேமராவில் பதிந்த படம் வழக்கில் சாட்சியம் ஆனது. கொன்றவர்களுக்கு 2022இல்தான் ஆயுள்தண்டனை வந்தது. ஒரு ‘குட்நைட்’ அனுப்பிவிட்டு உடனே அழிக்கிற எங்க பையனுக்கு இருப்பது கூச்சமா? உசிர்ப்பயம் அய்யா அது. அதைக் கலாச்சாரம் என்று எழுதி முனைவர் பட்டம் வாங்குகிறீர்கள்.

நம்ம தோழர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கு. தோழியின் விஷயத்தை அமைப்பில் சொன்னபோது, “நம்ம பொண்ணு ஏன் அப்படி அனுப்பணும்?” என்றுதான் முதல் கேள்வி வந்தது. சேரிப் பொண்ணு சமூக மானத்தைக் கணக்குப் பார்த்துத்தான் ஆசைப்படணுமா? வார்டனம்மா வாயும் ஒங்க வாயும் ஒண்ணாப் பேசினால் அவள் எங்கே போய் நிற்பாள்?

சாப்பாட்டு இடைவேளையில் பேராசிரியர் தேடி வந்தார். தோழியைப் பேட்டி எடுக்கலாமா, பேர் போடமாட்டோம், நம்பர் மட்டும் குடுங்க என்றார். குடுக்கலை. கேள்வித்தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் ‘சாதி’ என்று எழுதி, அவர் கையில் குடுத்துட்டு வந்தேன்.