வண்டியிலயா இருக்க? அப்புறம் பேசுறேன்!

சாயங்காலம் ஆறு மணிக்கு கிருஷ்ணன்கோவிலில் இருந்து வத்திராயிருப்பு பக்கம் போகும் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வேலை முடிந்தவர்கள், ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடிந்தவர்கள், காலேஜ் விட்டு வரும் பையன்கள் என்று வ. புதுப்பட்டிக்கும் பக்கத்து ஊர்களுக்கும் டூவீலர்கள் வந்துகொண்டே இருக்கும். அதில் சிலருக்கு மட்டும் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கழுத்து சுளுக்கு என்று நினைத்துவிடாதீர்கள்! தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போன் இருக்கிறது. ஹெல்மெட் போட்டவர் என்றால் அதற்குள்ளேயே செல்போனைச் செருகிக்கொண்டு வருவார். தலையைக் காப்பாற்ற வாங்கிய ஹெல்மெட், செல்போன் ஸ்டாண்டாக மாறிவிட்டது!

அப்படி என்னதான் பேசுகிறார்கள்? பெரும்பாலும் இவ்வளவுதான்.

"எங்கப்பா இருக்க?"

"வந்துக்கிட்டே இருக்கேம்மா. கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டேன்."

"சாப்பிட வந்துருவேல்ல?"

"வந்துருவேன்மா."

"வர்றப்ப பஜார்ல தக்காளி வாங்கிட்டு வந்துரு."

இந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட அவசரம் இல்லை. அரை மணி நேரம் கழித்துப் பேசியிருந்தால் எதுவும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் இதற்காக ஒரு மனிதர் ஒரு கையை ஹேண்டில்பாரில் இருந்து எடுத்துவிட்டு, பாதி மனதை வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டு, லாரிக்குப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறார்.

செல்போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. போலீஸ் சொல்கிறது, பள்ளிக்கூடம் சொல்கிறது, சினிமா தியேட்டரில்கூடச் சொல்கிறார்கள். எல்லாமே வண்டி ஓட்டுபவருக்குச் சொல்லும் அறிவுரை. ஒரு போன் பேச்சுக்கு இரண்டு பேர் வேண்டுமே! அந்த இன்னொருவரை யாராவது கேட்டிருக்கிறார்களா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் போகிறது. போன் அடிக்கிறது, பாக்கெட்டில் இருந்து எடுக்கிறார், யார் என்று பார்க்கிறார். இதற்கு மூன்று விநாடி என்று வைத்துக்கொண்டாலும் 50 மீட்டர் போயாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு 50 மீட்டர் ஓட்டச் சொன்னால் யாராவது ஓட்டுவார்களா? ஐந்தாயிரம் ரூபாய் பந்தயம் கட்டினாலும் ஓட்ட மாட்டார்கள். தக்காளிக்காக ஓட்டுகிறார்கள்!

"நான் ப்ளூடூத்தில்தான் பேசுகிறேன். ரெண்டு கையும் ஹேண்டில்பாரில்தான் இருக்கிறது. கண்ணும் ரோட்டில்தான் இருக்கிறது. அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. 1997ல் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவின் டொராண்டோ நகரில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களின் போன் பில்களை எடுத்துப் பார்த்தார்கள். போன் பேசும்போது விபத்து நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கு அதனால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைத்ததாகவும் தெரியவில்லை. பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் செய்த சோதனைகளில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. போன் பேசிக்கொண்டே ஓட்டுபவரின் கண் எதிரே இருப்பதைப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் மூளை அதை வாங்கிக்கொள்வதில்லை! "பார்த்துக்கிட்டேதான் வந்தேன், எங்கிருந்து வந்தான்னே தெரியல" என்று விபத்துக்குப் பிறகு சொல்கிறார்களே, அது எப்போதும் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. கண் திறந்தே இருந்திருக்கும், கவனம்தான் வேறு எங்கோ இருந்திருக்கும்.

அப்படியென்றால் பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பனோடு பேசுவதும் தப்புதானே? இங்கேதான் விஷயமே இருக்கிறது. பின்னால் இருப்பவனும் ரோட்டைப் பார்க்கிறான். எதிரே பஸ் வந்தால் அவனே பேச்சை நிறுத்திவிடுவான். "டேய் மாடுடா, மாடுடா!" என்று கத்துவான். விழுந்தால் அவனும்தான் விழவேண்டும்! போனில் பேசுபவருக்கு எதிரே வரும் பஸ் தெரியாது, குறுக்கே ஓடும் ஆட்டுக்குட்டி தெரியாது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ரோடே தெரியாத ஒருவர், ஓடும் வண்டியின் பாதி மூளையைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறார்.

"இது சென்னை, மதுரை மாதிரி டிராபிக் உள்ள ஊருக்குத்தான். புதுப்பட்டி ரோட்டில் என்ன இருக்கிறது?" என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். பெரிய ரோட்டில் அடுத்து என்ன வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கிராமத்து ரோட்டில் சொல்லவே முடியாது. தோப்பில் இருந்து தேங்காய் லோடு ஏற்றிய டிராக்டர் திடீரென்று ரோட்டில் ஏறும். அதன் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. வயலில் இருந்து ஆடு, மாடு திரும்பும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து சைக்கிளில் வரும். அமாவாசை, பௌர்ணமி என்றால் சதுரகிரிக்குப் போகும் பக்தர்கள் வேன் வேனாக வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குப் போவார்கள். ஆடி அமாவாசைக்குக் கேட்கவே வேண்டாம். 2025ல் ஒரு ரீல்ஸ் மூலமாகப் பக்கத்தில் உள்ள கூமாபட்டி தமிழ்நாடு முழுக்கப் பிரபலமானதும், அந்த ஊரைத் தேடி வெளியூர் ஆட்களும் வந்தார்கள். வழி தெரியாமல் செல்போன் மேப்பைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவருக்கு எதிரே, வழி தெரிந்த தைரியத்தில் போன் பேசிக்கொண்டே ஓட்டுபவர் வந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

2018 ஏப்ரல் 26ம் தேதி உத்தரப்பிரதேசம் குஷிநகரில், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதியது. 13 குழந்தைகள் இறந்துபோனார்கள். வேன் ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாக முதற்கட்டத் தகவல் சொல்கிறது என்று அந்த மாநில முதல்வர் யோகி ஆதித்யநாத் அன்று தெரிவித்தார். அமெரிக்காவில் 2008 செப்டம்பர் 12ம் தேதி சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் பயணிகள் ரயில் ஒன்று சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் சரக்கு ரயிலில் மோதியது. 25 பேர் பலி. ரயில் ஓட்டுநர் மோதலுக்கு 22 விநாடிகளுக்கு முன்புதான் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது.

இன்னொரு விபத்துதான் மனதை அதிகம் பிசைகிறது. 2013 ஜூலை 24ம் தேதி ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ நகருக்கு அருகே, 80 கி.மீ. வேகத்தில் போகவேண்டிய வளைவில் ஏறத்தாழ 180 கி.மீ. வேகத்தில் போன ரயில் தடம் புரண்டது. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்புவரை ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசியது வெட்டி அரட்டை இல்லை. அதே ரயிலில் இருந்த டிக்கெட் பரிசோதகர்தான் கூப்பிட்டார். அடுத்து வரும் ஒரு ஸ்டேஷனில் ஒரு குடும்பம் சுலபமாக இறங்குவதற்கு எந்தப் பிளாட்பாரத்தில் நிறுத்தலாம் என்று கேட்பதற்காக! எவ்வளவு நல்ல மனது! அந்த வளைவில் ரயிலைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு சரியாக இல்லாததும் ஒரு காரணம். அதனால் 2024ல் வந்த தீர்ப்பில் ஓட்டுநரோடு ரயில் பாதையின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவரும் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டார். ஆனாலும் அந்த போன் பேச்சை நினைத்துப் பாருங்கள். கூப்பிட்டவர் கெட்டவர் இல்லை, கூப்பிட்ட காரணமும் கெட்டது இல்லை. கூப்பிட்ட நேரம்தான் கெட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2018ல் கேரள உயர் நீதிமன்றம், வண்டி ஓட்டும்போது போன் பேசுவது மட்டுமே குற்றம் என்று சொல்லச் சட்டத்தில் இடம் இல்லை, பொதுமக்களுக்கு ஆபத்து ஏற்பட்டால்தான் குற்றம் என்று சொன்னது. அடுத்த வருடமே நிலைமை மாறியது. 2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில், கையில் போன் பிடித்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதலுக்கு ஓர் உதாரணமாகவே சேர்க்கப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அபராதத் தொகை முதல் தடவைக்கு 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 10,000 ரூபாய். இப்படி மாட்டுபவர்களின் லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015லேயே சொல்லிவிட்டது. 2024 மே மாதம் யூடியூபர் டி.டி.எப். வாசன் மதுரையில் கார் ஓட்டிக்கொண்டே போன் பேசினார் என்று போலீஸ் வழக்குப் போட்டுக் கைது செய்ததும், பிறகு அவர் ஜாமீனில் வந்ததும் செய்திகளில் வந்தவைதான்.

ஆக, சட்டம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தென்னந்தோப்புக்கும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியுமா? 2021ல் நாடு முழுக்க செல்போன் உபயோகத்தால் நடந்த விபத்துகள் 1,997, இறந்தவர்கள் 1,040 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த ஒரு வருடத்தில் மொத்தச் சாலை விபத்துச் சாவுகளோ ஒன்றரை லட்சத்துக்கு மேல். அப்படியென்றால் செல்போனால் சாவு கம்மிதான் என்று சொல்ல முடியுமா? குடித்திருந்தால் வாசனை காட்டிக்கொடுக்கும், ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். போன் பேசியதை எது காட்டிக்கொடுக்கும்? இறந்தவர் சொல்ல மாட்டார், பிழைத்தவரும் சொல்ல மாட்டார். அறிக்கையில் 'அதிவேகம்' என்று எழுதப்பட்ட விபத்துகளில் எத்தனை பேர் காதில் போன் இருந்ததோ!

சட்டம் எட்டாத இடம் இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் போன் போடும் ஆள். மகன் வண்டியில் வருகிறான் என்று தெரிந்தேதான் அம்மா கூப்பிடுகிறார். எடுக்கவில்லை என்றால் மனது பதறுகிறது. மறுபடி கூப்பிடுகிறார், மறுபடி, மறுபடி... பாக்கெட்டில் ஐந்து தடவை அடித்தால் யார்தான் எடுக்காமல் இருப்பார்கள்? வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்றுதானே தோன்றும்? மகன் நல்லபடியாக வந்து சேரவேண்டுமே என்ற பயத்தில் போட்ட போன், அவன் நல்லபடியாக வந்து சேருவதைக் கெடுக்கிறது. கொடுமை இல்லையா இது?

அம்மாவாவது பாசத்தில் கூப்பிடுகிறார். முதலாளி கூப்பிட்டால்? லோடு எங்கே வருகிறது என்று டிரைவரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கும் ஓனர்கள் இருக்கிறார்கள். எடுக்காவிட்டால் "போனைக்கூட எடுக்க மாட்டியா? நாளைக்கு வேலைக்கு வராதே" என்பார்கள். சாப்பாடு டெலிவரி செய்யும் பையனை "அண்ணே எங்க இருக்கீங்க? பசிக்குது" என்று நடுரோட்டில் பிடித்துப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாம் போனை எடுக்காமல் இருக்க முடியாத நிலையில் இருப்பவர்கள். அவர்களிடம் போய் "போன் பேசாதே" என்று அறிவுரை சொல்வதைவிட, கூப்பிடுபவரிடம் "கூப்பிடாதே" என்று சொல்வதுதான் நியாயம்.

"அவசரம் என்றால் என்ன செய்வது?" என்று கேட்கலாம். நிஜமான அவசரம் என்றால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேச வேண்டியதுதான். கெட்ட செய்தியைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவதைப் போல ஆபத்து வேறு கிடையாது. நல்ல செய்தி என்றாலும் அப்படித்தான்.

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு நடந்தது 1995 ஜூலை 31ம் தேதி. அதற்கு முன்பும் பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போனார்கள், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினார்கள். கடைசி பஸ் வரும் வரை அம்மாக்கள் வாசலில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் காத்திருப்பால் ரோட்டில் யாரும் சாகவில்லை!

இதற்குத் தீர்வு பெரிதாக ஒன்றும் இல்லை. போன் எடுத்தவுடன் "எங்க இருக்க?" என்று கேட்கும் பழக்கத்தை "வண்டியிலயா இருக்க?" என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஆமாம் என்று பதில் வந்தால் "அப்புறம் பேசுறேன்" என்று உடனே கட் செய்துவிட வேண்டும். இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை என்றால் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்துகொண்டு விட்டுவிட வேண்டும். கிளம்புபவரும் தன் பங்குக்கு "கிளம்பிட்டேன், வர முக்கால் மணி நேரம் ஆகும், போன் எடுக்க மாட்டேன்" என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போனை சைலன்ட்டில் போட்டு பைக்குள் வைத்துவிட வேண்டும். பின்னால் ஆள் இருந்தால் போனை அவரிடம் கொடுத்துவிடலாம். இதற்குக் காசு செலவில்லை, அரசாங்க உத்தரவும் தேவையில்லை.

நண்பர்களே, அடுத்த முறை யாருக்காவது போன் போடும்போது பின்னணியில் காற்றுச் சத்தமும் ஹாரன் சத்தமும் கேட்டால் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த வண்டியில் நீங்கள் இல்லை. ஆனால் அந்த வண்டி ஓட்டுபவரின் கவனம் உங்கள் கையில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தக்காளி நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆள் வீடு வந்து சேரட்டும்!