மெத்தென்ற சவுக்கு

பந்தயக் குதிரைக்கு எத்தகைய சவுக்கு ஏற்றது என்னும் வினாவுக்குப் பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் கண்ட விடை, மெத்தென்ற உறையிட்ட சவுக்கு. முறைப்படி வீசின் அது நோவு தராது என்பர் பந்தய நிருவாகத்தார். நோவு தராத அடிக்கு வரம்பு எதற்கு? 2023 முதல் பிரித்தானியாவில் சமதளப் பந்தயத்தில் 6 முறையும் தடைதாண்டும் பந்தயத்தில் 7 முறையுமே அடிக்கலாம் என விதித்தவரும் அவர்களே! குதிரைத்தோல் தடித்தது என்ற வாதமும் நில்லாது. 2020இல் வெளியான சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வு, மேற்றோலின் தடிப்பிலோ அதிலுள்ள நரம்பு முனைகளின் செறிவிலோ மனிதனுக்கும் குதிரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. பயிற்சிக்களத்து நீண்ட கோலின் நிலை வேறு. கடிவாளத்தை விடாமலே விலாவைத் தொட்டுக் குறிப்புணர்த்தவே அதற்கு அந்நீளம். பந்தயச் சவுக்கோ களைத்த விலங்கை விரட்டுவதற்கென்றே உயர்கிறது. அவ்வாறு விரட்டுவதை நோர்வே 1982இலேயே தடுத்தது. அங்கு குதிரைகள் இன்றும் ஓடுகின்றன.