நோயாளிக்குத் தெரிந்தால் யாருக்கு நஷ்டம்?

ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் பக்கவிளைவுகளை நோயாளிகளிடம் விவரிப்பது பொறுப்பற்ற செயல் என்று மூத்த இதய மருத்துவர் ஒருவர் அடித்துப் பேசியிருக்கிறார். பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை மனப்பிரமை, மிச்சமிருப்பவை அற்பம், அவற்றையும் கவனிக்க மருத்துவர்கள் இருக்கிறோம், விவரம் தெரிந்த நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டு மாரடைப்பை வரவழைத்துக்கொள்வார் என்பவை அவர் அடுக்கும் நான்கு வாதங்கள். இவற்றை உடைக்க வெளியிலிருந்து ஆயுதம் தேடவேண்டியதில்லை. அவர் துணைக்கழைத்த சான்றுகளைக் கடைசிப் பக்கம்வரை படித்தாலே போதும்.

ஸ்டாட்டின் நஞ்சு என்று கூவும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டு அவர் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். 1994இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய சிம்வாஸ்டாட்டின் ஆய்வில், இதய நோயாளிகள் 4,444 பேரில் போலி மாத்திரை எடுத்த பாதியில் 256 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்த பாதியில் 182 பேர். இந்த வித்தியாசத்தை மறுப்பவருடன் எனக்குப் பேச்சில்லை. இவ்வளவு பலமுள்ள மருந்துக்கு வாய்ப்பூட்டுப் போட்டுக் காவல் காப்பானேன் என்பதே என் கேள்வி.

மனப்பிரமை என்ற வாதத்துக்கு அவர் கொண்டுவந்த சாட்சி, லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட சாம்சன் ஆய்வு. உபாதை தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என மாற்றி மாற்றிக் கொடுத்து, அன்றாட உபாதையைக் கைபேசியில் மதிப்பெண்ணாகப் பதியச் சொன்னார்கள். ஒன்றும் விழுங்காத மாதங்களில் சராசரி 8; போலி மாத்திரையில் 15.4, ஸ்டாட்டினில் 16.3. கூடிய உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணத்தால் வந்தது. இதுவரை மருத்துவர் சொன்னது சரி. அதற்குமேல் அவர் ஏன் வாய் திறக்கவில்லை? அந்த ஆய்வாளர்கள் பங்கேற்றவர்களிடம் அவரவர் மதிப்பெண்களை எடுத்துக் காட்டினார்கள். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது பாதிப் பேர், அதாவது 30 பேர், ஸ்டாட்டினுக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்களைத் திருப்பியது மௌனமா, தகவலா? தன் கட்சிக்கென்று கூட்டிவந்த சாட்சி எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போனது இவர் காதில் விழவேயில்லையா?

அடுத்தது, அற்பம் என்ற தீர்ப்பு. லிபிடார் என்ற ஸ்டாட்டின் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஃபைசர் நிறுவனம் செய்த விளம்பரம், மாரடைப்பு 36 சதவீதம் குறையும் என்று கொட்டை எழுத்தில் முழங்கியது. போலி மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு மூவருக்கும் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு இருவருக்கும் மாரடைப்பு வந்தது என்ற விவரம் அடிக்குறிப்பில் கிடந்தது. இனி மறுபக்கம். ஸ்டாட்டின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் ஆக்ஸ்ஃபோர்டு குழு 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, உயர் வீரிய ஸ்டாட்டின் எடுப்பவர்களிடம் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்படுவதும் 36 சதவீதம் கூடுகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு 3.5 என்றிருந்தது 4.8 ஆகிறது. அதே 36. நன்மையைச் சொல்லும்போது சதவீதத்தில் பெருக்கிக் காட்டுவதும், தீமை என்று வந்தால் நூற்றுக்கு ஒன்றுதானே என்று சுருக்கிக் காட்டுவதும் எந்த ஊர் நியாயம்? அந்தக் கூடுதல் நோயாளிகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே சர்க்கரையின் வாசலில் நின்றவர்கள் என்பதையும் அதே குழு சொல்கிறது. அப்படியானால், வாசலில் நிற்பவரிடம் அதைச் சொல்லிச் சர்க்கரை அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் செய்வதில் மருத்துவருக்கு என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது வாதம்தான் மிக ஆபத்தானது: கவனிக்க நாங்கள் இருக்கிறோம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் ஸ்டாட்டின் குறிப்புத்தாளைத் திருத்தியபோது, கல்லீரல் பரிசோதனையை வழக்கமாகச் செய்துகொண்டிருந்தாலும் அரிதான கடும் பாதிப்பை முன்கூட்டிப் பிடிக்க முடிவதில்லை என்று அந்த நிபந்தனையை நீக்கியது. அசதி, பசியின்மை, கறுத்த சிறுநீர், மஞ்சள் காமாலை ஆகியவற்றைக் கண்டால் உடனே சொல்லுங்கள் என்று நோயாளிகளிடம் கேட்டுக்கொண்டது. காவல் வேலை நோயாளியின் கைக்கு வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது; எதைக் காக்கவேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லக் கூடாதாம்!

இன்னும் கிட்டத்தில் பார்ப்போம். சிம்வாஸ்டாட்டின் எடுப்பவருக்கு நெஞ்சுச் சளி. வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதுகிறார். சிம்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடுவதால் ரத்தத்தில் ஸ்டாட்டின் எகிறி, தசைநார் சிதைந்து, சிறுநீரகம்வரை பழுதாகலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இதய மருத்துவருக்குச் சளி தெரியாது, சளி மருத்துவருக்குக் கொலஸ்ட்ரால் தெரியாது. மருந்துக்கடைக்காரரோ பத்து மாத்திரை அட்டையில் ஆறைக் கத்தரித்து உறையில் போடுகிறார். மருந்தின் பெயர் வெட்டுப்பட்ட மிச்சத்தோடு கடையிலேயே தங்கிவிடுகிறது, குறிப்புத்தாள் கண்ணிலேயே படுவதில்லை. இந்த மூன்று இடங்களிலும் இருந்த ஒரே ஆள் யார்? நோயாளி. அவரை இருட்டில் வைத்துவிட்டு யார் யாரைக் கண்காணிப்பது? பேயர் நிறுவனத்தின் செரிவாஸ்டாட்டின் 2001இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது, தசைச் சிதைவால் உயிர்கள் போனபின்புதான். ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்துடன் அதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாதென்று எச்சரிக்கை அச்சேறிய பிறகும் மருத்துவர்கள் சேர்த்தே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக, தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்ற பூச்சாண்டி. தொடை வலிக்கிறது என்றவரை வயசாச்சு, அப்படித்தான் என்று வாயடைத்து அனுப்பினால், அவர் அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு வைத்தியரை நம்பி, மருத்துவருக்குச் சொல்லாமலே மாத்திரையைக் குப்பையில் போடுவார். தசைவலி என்று வரும் புகார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஸ்டாட்டினால் வருபவை அல்ல என்பதையும், மருந்தையோ அளவையோ மாற்றிப் பார்க்க வழியுண்டு என்பதையும் முன்பே கேட்டவர்தான் நிறுத்துமுன் திரும்பி வந்து கேட்பார். வதந்திக்காரர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது மருத்துவரின் மௌனம். இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டமே நோயாளிகள் பக்கவிளைவைத் தெரிவிக்கத் தனிப் படிவமும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் வைத்திருக்கிறது. அரசு காது கொடுக்கிறது. இவர் வாயைப் பொத்துகிறார்.

நான்கு வாதங்களும் போனபின் மிஞ்சுவது, கேள்வி கேட்கும் நோயாளியைப் பிடிக்கவில்லை என்ற எரிச்சல் மட்டுமே. இந்த மருந்து உங்களுக்கு ஏன் தேவை, உங்களைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்குப் பயன், எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும், வேறு மருத்துவரிடம் போனால் இதன் பெயரைச் சொல்லுங்கள், என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைத் தர மனமில்லாதவர் நோயாளியின் உயிர்மேல் அக்கறை என்று பேசினால், இனி அதை யாரும் நம்பவேண்டியதில்லை.