வெட்டியதைச் சொல்லி விற்கட்டும்

1962 மே 28. மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் மேயர்பேரின் ‘ஹியூகனாட்டுகள்’ ஓபெரா. ஜோன் சதர்லண்ட், ஜூலியட்டா சிமியோனாட்டோ, பிராங்கோ கொரெல்லி, நிக்கோலாய் கியாரோவ், ஃபியோரென்சா கொஸொட்டோ என அத்தனை பேரும் ஒரே மேடையில். இசை நடத்தியவர் கவட்ஸேனி. அரங்கிலேயே பிடித்த அந்த ஒலிப்பதிவு இசைத்தட்டாகவும் குறுந்தகடாகவும் பல கம்பெனிகளின் பெயரில் புழங்கிவருகிறது.

ஆனால் மேயர்பேர் எழுதியது முழுக்க அதில் இல்லை. பிரெஞ்சுப் படைப்பை இத்தாலிய மொழியில் பாடியிருக்கிறார்கள். ஐந்து அங்கம், ஏறக்குறைய நான்கு மணி நேர இசை. அதில் தாராளமாகக் கத்தரி விழுந்திருக்கிறது.

இந்தக் கத்தரிக்கும் ஒரு பரம்பரை உண்டு. 1836இல் பாரீஸில் அரங்கேறி, அங்கேயே ஆயிரம் முறைக்கு மேல் நடந்த படைப்பு இது. கதை 1572இல் பாரீஸில் ஹியூகனாட்டுகள் எனப்படும் புராட்டஸ்டண்டுகள் கொன்று குவிக்கப்பட்ட இரவை நோக்கி நகர்கிறது. நான்காம் அங்க முடிவில் படுகொலைக்கான மணி ஒலிக்கிறது. காதலி வாலண்டீன் தடுத்தும் கேளாமல் நாயகன் ராவுல் சன்னல் வழியே குதித்து ஓடுகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பல அரங்குகள் அத்துடன் திரையை இறக்கிவிட்டன. ஐந்தாம் அங்கத்தில் சாவின் வாசலில் நிற்கும் காதலர்களுக்குக் ராவுலின் ஊழியனான கிழவன் மார்செல் மணம் செய்துவைக்கிறான். அவன் கேள்விகளுக்கு இடையே தனியாக ஒலிப்பது பேஸ் கிளாரினெட் ஒன்றுதான். அடிவயிற்றிலிருந்து எழும் இருண்ட குரல் அது. திரையை முன்னதாக இறக்கியவர்கள் இதைத்தான் ரசிகர்களிடமிருந்து பறித்தார்கள்.

அதற்காக ஸ்காலா பதிவை ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. ராவுலாகப் பாடும் கொரெல்லி உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கும்போது கூட்டம் எழுப்பும் ஆரவாரம் எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காது. பின்னாளில் சதர்லண்டின் கணவர் ரிச்சர்ட் போனிங் நடத்த, டெக்கா நிறுவனம் இதே ஓபெராவைப் பிரெஞ்சிலேயே முழுமையாகப் பதிவுசெய்தது. படைப்பை அறிய அதுதான் சரியான வழி. ஆனால் அதன் ராவுலிடம் கொரெல்லியின் நெருப்பு இல்லை. இரண்டையும் கேட்பவரே பாக்கியசாலி.

துண்டு என்பதால் மதிப்புக் குறைந்துவிடாது. 1901 முதல் 1903 வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபெராவின் நூலகர் லயோனல் மேப்பிள்சன், மேடைக்கு மேலிருந்த நடைபாலத்தில் பெரிய ஒலிப்புனலை வைத்து, மெழுகு உருளைகளில் நிகழ்ச்சிகளைப் பிடித்தார். ஒவ்வொன்றும் சுமார் இரண்டு நிமிடம், இரைச்சலே மிகுதி. ஆயினும் இதே ஓபெராவில் பாடகி மெல்பா பாடிய ராணியின் பாட்டு அதில் மிஞ்சியிருக்கிறது. பாடகர் ழான் டி ரெஸ்கியின் குரலுக்கு உலகில் வேறு சாட்சியே கிடையாது. அவை துண்டுகள் என்பது கேட்பவருக்கு முன்கூட்டியே தெரியும். ஏமாற்றம் எதுவும் இல்லை.

ஸ்காலா பதிவின் குறை பதிப்பில்தான் இருக்கிறது. நட்சத்திரங்களின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுபவர்கள், வெட்டுப்பட்ட பகுதிகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. புதிதாகக் கேட்க வருபவர் இதுதான் முழு ‘ஹியூகனாட்டுகள்’ என்று நம்பிவிடுகிறார். மேயர்பேருக்குக் கதையைக் கோவையாகக் கட்டத் தெரியவில்லை என்று பழியும் சுமத்துகிறார். பிரதியில் கை வைப்பது பதிப்பாசிரியரின் வேலை என்றால், கை வைத்த இடத்தைக் காட்டுவதும் அவர் வேலையே. பழைய மேடைப் பதிவுகளை மறுபடி வெளியிடும் நிறுவனங்கள் உறையின் பின்பக்கத்தில் பத்து வரி ஒதுக்கட்டும்: எந்த மொழி, எந்த நாள், எந்த அங்கத்தில் எது இல்லை.