காய்ச்சலுக்குச் சாட்சி யார்?

ஜெர்மனியில் தொழிலாளி நோயில் படுத்தால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளத்தையும் முதலாளியே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று நாளைக்கு மேல் போனால் டாக்டர் சர்டிபிகேட் வாங்க வேண்டும். அந்தச் சர்டிபிகேட்டை எப்படி வாங்குவது என்பதில்தான் அங்கே தகராறு.

கொரோனா பரவிய 2020-ல், சளிக் காய்ச்சல் கண்டவர் டெலிபோனிலேயே டாக்டரிடம் சொல்லிச் சர்டிபிகேட் பெறலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். 2023 டிசம்பரில் அது நிரந்தர விதியாயிற்று. வீடியோவில் பேசிப் பெறவும் வழி செய்தார்கள். டெலிபோன் என்றால் முன்பே பழக்கமான டாக்டராக இருக்க வேண்டும், நோய் கடுமையாக இருக்கக் கூடாது, ஐந்து நாள்தான் கிடைக்கும். இத்தனை கட்டுத்திட்டம் இருந்தும் முதலாளிகள் சங்கங்கள் இதை ஒழிக்கச் சொல்லிக் கூக்குரலிடுகின்றன. தொழிலாளி சோம்பேறியாகிறானாம்!

நாம் கேட்கிறோம்: 102 டிகிரி காய்ச்சலோடு பஸ் ஏறிப் போய், பத்து நோயாளிகள் நடுவே உட்கார்ந்து இருமினால்தான் அவன் பேச்சை நம்புவீர்களா? நேரில் போனாலும் உடம்பு வலியையும் தலைவலியையும் நோயாளி வாயால் கேட்டுத்தானே டாக்டர் எழுதுகிறார்?

அதற்காக எல்லா நோயையும் டெலிபோனிலேயே பார்த்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. பஞ்சுத் தூசியால் வரும் இருமலுக்கு நெஞ்சில் குழாய் வைத்துத்தான் பார்க்க வேண்டும். டாக்டர் பேசக்கூட இல்லாமல், நாலு கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு இன்டர்நெட்டில் சர்டிபிகேட் விற்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். அப்படிக் காசு கொடுத்து வாங்கிய ஓர் ஊழியரை வேலையிலிருந்து நீக்கியது செல்லும் என்று 2025 செப்டம்பரில் ஹாம் நகரத் தொழிலாளர் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றவனுக்குக் காசு, வாங்கியவருக்கு வேலை போயிற்று. இந்தக் கடைகளை மூடட்டும், ஆட்சேபணை இல்லை. ஆனால் கடைக்காரன் செய்த மோசடியைக் காட்டி, தன் டாக்டருக்கு டெலிபோன் செய்யும் தொழிலாளியின் உரிமையைப் பறிப்பது என்ன நியாயம்?

அந்தச் சம்பள உரிமை தானாக வந்ததல்ல. 1956-ல் ஆபீஸ் குமாஸ்தா படுத்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம். பட்டறைத் தொழிலாளி படுத்தால் முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை. இந்தப் பாகுபாட்டை எதிர்த்து ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணத்தில் கப்பல் கட்டும் தொழிலாளரும் உலோகத் தொழிலாளரும் 30,000 பேருக்கு மேல் அக்டோபரில் வேலை நிறுத்தம் தொடங்கினர். கடுங்குளிரில் 114 நாள் நின்றனர். 1957-ல் சட்டம் ஓரளவு இறங்கிவந்தது. சம உரிமை கிடைக்க 1970 ஆயிற்று.

நம் மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யில் வருஷத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு. அதற்கும் டிஸ்பென்சரி வரிசையில் நின்று சர்டிபிகேட் வாங்க வேண்டும். ஷிப்டு முடிந்து வருபவனுக்கு மாலையிலும் டாக்டர் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையா? நடவு நடும் விவசாயத் தொழிலாளிக்கோ அதுவும் இல்லை. அவளிடம் சர்டிபிகேட் கேட்பாரில்லை. படுத்த நாளுக்குக் கூலி கொடுப்பாருமில்லை. நோய்க்காலக் கூலியை விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் இந்தச் சாகுபடிக்கே கோரிக்கையாக வைக்க வேண்டும்.