பதக்கத்தில் இடம்பெறாத போர்

1851ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒரு வெள்ளிப் பதக்கம் அடித்தனர். இந்திய மண்ணில் அவர்களுக்காகப் போரிட்டு, அதுவரை உயிரோடு எஞ்சியிருந்த படைமறவர்க்கென அது அடிக்கப்பெற்றது. ஒரு பக்கத்தில் விக்டோரியா அரசியின் தலை. மறுபக்கத்தில் வெற்றி மகளின் உருவம். அதன்கீழ் 1799–1826 என்னும் ஆண்டுகள். பொருத களங்களைக் காட்டும் பெயர்ப்பட்டைகள் 21. அவற்றுள் மிகப் பழையவை 1803ஆம் ஆண்டுக்குரியன. 1801இல் தென்தமிழ்நாடே கொதித்தெழுந்த போருக்கோ ஒரு பட்டையும் இல்லை!

அப்போர் அத்துணைச் சிறியதா? 1801 மார்ச்சு 31இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய வெள்ளையர் படை முறியடிக்கப்பட்டுப் பின்வாங்கியது. மேலும் படை திரட்டி வந்த பின்னரே, மே 24இல் அந்த மண்கோட்டையை அவர்களாற் பிடிக்க முடிந்தது. காளையார்கோயிற் காட்டை ஊடறுத்து உள்ளே புக அவர்கட்கு நெடுநாள் ஆயிற்று.

இதற்குச் சான்று சொல்பவர் தமிழரல்லர். அப்போரில் நேரே ஈடுபட்ட ஆங்கிலப் படை அலுவலர் சேம்சு வெல்சு. 1790இல் சென்னைப் படையிற் சேர்ந்த இவர், பகை மூளுமுன் சின்ன மருதுவிடமே வேலெறியவும் வளரி வீசவும் கற்றவர். கற்பித்த அப்பெருமகனும் அவர்தம் தமையனாரும் 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளமகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். கப்பலேறுமுன் அவர்களைக் காவல் காக்கும் பணியும் வெல்சிடமே வந்தது. 1818இல் பினாங்கில், இளமையிலேயே முதுமையுற்று உருக்குலைந்து நின்ற துரைசாமியைக் கண்டு அவர் நெஞ்சு துடித்தார். 1830இல் வெளியான தம் நினைவு நூலில் இவற்றையெல்லாம் மறையாது எழுதினார்.

வெல்சு 1803இல் மராட்டியரோடு பொருத அர்காவும் காவில்கரும் பதக்கத்தில் உள்ளன. அவர் பாஞ்சாலங்குறிச்சியிற் கண்ட களம் இல்லை. மராட்டியரோடு நடந்தது போராம். தமிழரோடு நடந்தது கலகமாம்! இதுதான் ஆள்வோர் கணக்கு.

இதனினும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. மராட்டிய மண்ணில் வெள்ளையனுக்காகப் பொருத சென்னைப் படையிலே தமிழரும் இருந்தனர். 1851இல் உயிரோடிருந்த இந்தியப் படைஞர்க்கும் அப்பதக்கம் உரியதாயிற்று. அயலான் கொடிக்கீழ் நின்ற தமிழனுக்கு வெள்ளி. தன் மண்ணுக்கு நின்ற தமிழனுக்குத் தூக்குக்கயிறு! எட்டயபுரத்தாரும் தொண்டைமானும் வெள்ளையர் பக்கம் நின்றதை மறைத்து எழுதுவதும் வரலாறு ஆகாது.

பகைவன் நம்மைப் பாராட்டிப் பதக்கம் அடிக்கவில்லையே என்று வருந்துவது அடிமை மனம். அவன் பட்டியலில் நம் களங்கள் இல்லாமையே அவற்றின் தூய்மைக்குச் சான்று. ஆயின், பகைவன் ஒருவன் எழுதிவைத்த அளவுக்கேனும் தன் முன்னோர் வரலாற்றைத் தமிழன் தன் மொழியில் எழுதிவைத்தானா? ஊர்தோறும் வழங்கும் கதைப்பாடல்களும், சிதைந்த கோட்டை மேடுகளும், காக்கப்படாத ஓலைகளும் அவ்வினாவை எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுத்துத் தன் பிள்ளைகளுக்குத் தமிழில் கற்பிக்கும் நாளே, அம்மறவர்க்குத் தமிழினம் பதக்கம் சூட்டும் நாள்!