தண்டப் பத்திரம் தீர்ப்பாகுமா?

கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே கண்டி வீதியில் மறிக்கப்படும் விவசாயியும் உத்தியோகத்தரும், மிகை வேகமென எழுதப்படும் தண்டப் பத்திரத்தைத் தீர்ப்பென்றே கருதிவிடுகின்றனர். குற்றம் புரியாதவரும், வழக்கென்றால் ஒரு நாட் பிழைப்புக் கெடுமென அஞ்சித் தபாற் கந்தோரிற் பணத்தைக் கட்டிவிட்டு அமைதியடைகின்றனர்.

இவ்வமைதி நமக்கு உடன்பாடன்று. 14 நாட்களுள் தண்டங் கட்டுதல், வழக்கின்றி விடயத்தை முடிக்க மோட்டார் வாகனச் சட்டம் காட்டும் வழி மட்டுமே. குற்றத்தை மறுப்பவர், குறித்த நாளில் நீதவான் முன் தோன்றிச் 'சுற்றவாளி' என உரைக்கலாம். அப்பொழுது வேகத்தை நிரூபிக்கும் பொறுப்புப் பொலிசாரையே சாரும். அளந்த கருவி யாது? அளக்கப்பட்டது எவ்வாகனம்? மோட்டார்க் காருக்குக் குடிமனைப் பகுதியில் 50 கிலோமீற்றரும் வெளியே 70 கிலோமீற்றரும் எல்லையாயின், மறித்த இடம் எப்பகுதியைச் சேர்ந்தது? இவற்றைக் கேட்பது குடிமகனின் உரிமை. 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தப்படி வடமாகாண நீதிமன்றங்களின் மொழி தமிழ். ஆதலால் தம் தாய்மொழியிலேயே கேட்கலாம்.

விரைந்தோடி உயிர்களுக்கு உலை வைப்போருக்காக நாம் வாதாடவில்லை. பள்ளிச் சிறாரும் மாடுகளும் கடக்கும் வீதி அது. குற்றவாளி தண்டம் இறுக்கட்டும். ஆனால், குற்றமற்றவர் கட்டும் ஒவ்வொரு ரூபாவும், நாளை இன்னொருவரைக் காரணமின்றி மறிக்கத் துணிவூட்டும். பத்திரத்தைக் கட்டாமலும் மன்றுக்குச் செல்லாமலும் மறந்திருப்பதோ பிடியாணைக்கே வழிவகுக்கும். ஆதலின், நியாயம் தம்பக்கம் உள்ளவர்கள் ஒரு நாள் வேலையை இழந்தேனும் கூண்டில் ஏறி நிற்பார்களாக!